பழைய மலைவழி நூல்களைச் சேர்த்தல்

பழம்பொருள்களைத் தேடித் தொகுப்போரைக் கண்டு உலகம் நகைப்பது புதிதன்று. நாணயம் சேர்ப்பவரையும் தபால் தலை சேர்ப்பவரையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும் நம் நண்பர்களும், நாம் சேர்ப்பது இன்னதென்று அறிந்தவுடன் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். விக்டோரியா மகாராணியார் அரசு செலுத்திய 1837 முதல் 1901 வரையுள்ள காலத்தில், ஐரோப்பாக் கண்டத்து ஆல்ப்ஸ் மலைகளிலும் இங்கிலாந்து தேசத்துக் குன்றுகளிலும் ஏறுவோர்க்கென ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட வழிகாட்டி நூல்களே நாம் சேர்ப்பவை. "வழியே மாறிப்போன பின்னர் வழிகாட்டி எதற்கு? போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைக் காசு கொடுத்து வாங்குவாரும் உளரோ?" என்று நண்பரொருவர் ஒருநாள் நம்மை வினவினார்.

அவ்வினா நியாயமானதே. கவிதை நூல் பழையதாயின் அதன் மதிப்புக் குறைவதில்லை. வழிகாட்டி நூலோ புதுப்பதிப்பு வெளிவந்த அன்றே கிழடாகிவிடுகின்றது. ஆகவே பயணிகள் அதனை எறிந்தனர், விடுதிக்காரர் அடுப்பெரித்தனர், நூல்நிலையத்தாரும் புதியதை ஏற்றிப் பழையதை இறக்கினர். எல்லோரும் எறிந்துவிட்ட காரணத்தினாலேயே எஞ்சியிருப்பது அரிதாயிற்று என்பது நாணயம் சேர்ப்போர் கூறும் விடை. நாம் கூற விரும்புவது அதுவன்று. இந்நூல்களைச் சேர்ப்போர் பலர் இவற்றைச் சேர்க்க வேண்டிய முறையில் சேர்க்கவில்லை என்பதும், அப்பிழையை நாமும் செய்தோம் என்பதுமே ஈண்டு நாம் எடுத்துரைக்கப் புகுந்தது. அதற்குமுன் இந்நூல்களின் வரலாற்றைச் சிறிதறிதல் வேண்டும்.

லண்டன் மாநகரில் நூல் வெளியிட்டு வந்த ஜான் மரே என்பார் 1838இல் ஸ்விட்ஸர்லாந்து செல்லும் பயணிகளுக்கெனக் கைந்நூலொன்றைப் பிரசுரித்தார். அதிற் பெரும்பகுதி அவர் தாமே எழுதியது. பாதைகள், கணவாய்கள், விடுதிகள் என்னும் இவற்றைப் பற்றியே அந்நூல் மிகுதியும் பேசும்; சிகரங்கள் கீழே நின்று வியத்தற்குரியனவாயிருந்தனவேயன்றி ஏறுதற்குரியனவாகப் பெரும்பாலும் எண்ணப்படவில்லை. இருபதாண்டுகளுக்குள் இந்நிலை மாறிற்று. 1857இல் லண்டனில் ஆல்ப்பைன் சங்கம் என்னும் மலையேறுவோர் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் முதல் தலைவரே நம் விருப்பத்துக்குரிய ஜான் பால் என்பவர்.

இவர் 1818இல் டப்ளின் நகரிற் பிறந்த ஐரிஷ்காரர், கத்தோலிக்க மதத்தினர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் பயின்றும், அக்காலத்து மதக்கட்டுப்பாட்டினால் பட்டம் பெற இயலாதவரானார். பின்னர்ப் பார்லிமெண்டு அங்கத்தினராகவும், குடியேற்றநாட்டு இலாகாவில் உதவி மந்திரியாகவும் அமர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் செடிகொடிகளிலும் மலைகளிலுமே சென்றது. 1857இல் டாலமைட் மலைகளுள் ஒன்றாகிய பெல்மோச் சிகரத்தில் ஏறினார். 1863ஆம் ஆண்டுக்கு முன்னரே ஆல்ப்ஸின் நடுத்தொடரை 48 முறை, 32 வெவ்வேறு கணவாய்கள் வழியாகக் கடந்திருந்தார். கிளைத்தொடர்களின் கணவாய்கள் ஏறத்தாழ நூறு. அங்ஙனம் தம் கால்களால் அளந்தறிந்ததையே அவர் நூலாக்கினார். மேற்கு ஆல்ப்ஸைப் பற்றிய பகுதி 1863இலும், நடு ஆல்ப்ஸைப் பற்றியது 1864இலும், கிழக்கு ஆல்ப்ஸைப் பற்றியது 1868இலும் வெளிவந்தன. இன்ன கணவாயின் பாறை இன்னது, அதன் சரிவிற் பூக்கும் அருஞ்செடி இன்னது என்றெல்லாம் வழியோடு வழியாகச் சொல்லிச் செல்லும் நூல் அது. வழிகாட்டி நூலொன்றைக் கல்விநூலாகவும் எழுதக்கூடும் என்பதை அம்மூன்று தொகுதிகளையும் படித்த பின்னரே நாம் அறிந்தோம். அவர் 1889இற் காலமான பின், ஆல்ப்பைன் சங்கத்தார் அவருக்கு நினைவுச்சின்னமாகச் சிலை நாட்டவில்லை; அவர் நூலையே திருத்திப் புதுக்கத் தீர்மானித்தனர். மேற்கு ஆல்ப்ஸின் திருத்திய பதிப்பு 1898இல் வந்தது. இதனினும் தக்க நினைவுச்சின்னம் ஒரு நூலாசிரியருக்கு எதுவோ?

அப்பதிப்பைத் திருத்தியவர் கூலிட்ஜ் என்பவர். 1850இல் அமெரிக்காவிற் பிறந்து, ஆக்ஸ்போர்டில் மாக்டலன் கல்லூரி உறுப்பினராகி, குருப்பட்டமும் பெற்று, முடிவில் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள கிரிண்டெல்வால்ட் என்னும் மலையூரிலேயே வீடமைத்துப் பல்லாயிரம் நூல்களுக்கிடையே வாழ்ந்து 1926இல் மறைந்தவர். கிறிஸ்தவக் கலாசாலையாகிய நம்மவர்க்கு ஒரு செய்தி சுவை தரக்கூடும்: அக்காலத்து மலையேறுவோருட் குருமார் பலர். ஆனால் பனிமலையில் ஏறிய குருமார் அனைவரும் சாந்த குணத்தினராயிருந்தனர் என்று கருதிவிடலாகாது. கூலிட்ஜ் ஒரு காற்புள்ளிக்காகவும் போர் தொடுக்கவல்லவர். 1864இல் எக்ரின் சிகரத்திலிருந்து இறங்குகையில் வழிகாட்டி ஆல்மர் ஒரு பிளவைத் தாண்டிக் குதித்ததாக எட்வர்டு விம்பர் படம் வரைந்து வெளியிட, அங்ஙனம் குதித்ததேயில்லை என்று இவர் மறுக்க, அவ்வொரு குதி ஆண்டுக்கணக்கில் வழக்காயிற்று.

விம்பரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். மரத்திற் படம் செதுக்குவது அவர் தொழில். 1865ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் நாள் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் அடைந்த எழுவருள் அவரும் ஒருவர். இறங்கும்போது ஹட்ஸன் என்னும் குருவானவரும், ஹாடோ, பிரான்ஸிஸ் டக்ளஸ் பிரபு என்னும் இளைஞர் இருவரும், ஷாமோனி ஊர் வழிகாட்டி மிஷேல் குரோவும் வீழ்ந்து மாண்டனர். கயிறு அறுந்தமையால் விம்பரும் டௌக்வால்டர் என்னும் தந்தையும் மகனும் பிழைத்தனர். டக்ளஸ் பிரபுவின் உடல் அகப்படவேயில்லை. இவ்வளவும் கண்ட மனிதர் முப்பதாண்டுகளுக்குப் பின், 1896இல் ஷாமோனிக்கும் 1897இல் மாட்டர்ஹார்ன் அடிவாரத்து ஸெர்மாட்டுக்கும் வழிகாட்டி நூல்கள் எழுதி, அவற்றை அடிக்கடி திருத்தி வெளியிட்டு, தாமே அவ்வூர்களுக்குச் சென்று கடைகளில் விற்பனைக்கு ஏற்பாடு செய்துவந்தார். 1911இல் அவர் இறந்ததும் ஷாமோனியிலேயே. அந்நூல்களின் முன்னும் பின்னும் விடுதி விளம்பரங்களும் கடை விளம்பரங்களும் நிறைந்திருக்கும்.

மலையில் ஏறுவோர்க்கென்றே தனிப்பட எழுதி, ஊர்வழி விடுதிவழிகளை ஒதுக்கிச் சிகரவழிகளை மாத்திரம் சொல்லும் நூல் கான்வே என்பார் 1881இல் வெளியிட்ட ஸெர்மாட் கையேடு. அதனின்று வளர்ந்து, கான்வேயும் கூலிட்ஜும் பதிப்பாசிரியராக 1890 முதல் வந்த வரிசை நூல்கள் சட்டைப்பையில் அடங்குமளவின. பிரிட்டிஷ் தீவுகளின் குன்றுகளுக்கு ஹாஸ்கெட் ஸ்மித் எழுதிய சிறுநூல்கள் 1894இலும் 1895இலும் வந்தன. 1897இல் ஓவன் கிளின் ஜோன்ஸ் என்னும் பள்ளியாசிரியர் ஏரிநாட்டுப் பாறையேற்றங்களைப் பற்றி எழுதிய நூலுக்குக் கெஸ்விக் ஊர்ச் சகோதரராகிய ஆபிரகாம் என்போர் எடுத்த நிழற்படங்கள் அழகு செய்தன.

இனி நம் வழக்குக்கு வருவோம். இந்நூல்களை விற்போரும் வாங்குவோரும் மேலாக மதிப்பது எதனை? அட்டை மங்காததும், ஓரம் மடியாததும், எழுத்துக் கிறுக்கல் யாதுமில்லாததுமான பிரதியையே. மழை நீர் பட்டதென்றால் விலை குறையும். பென்சிற் குறிப்பு உண்டென்றால் இன்னும் குறையும். குறிப்பெழுதியவர் புகழ்பெற்றவராயிருந்தாலன்றி எவரும் அதனைப் பொருட்படுத்தார். சற்றே சிந்தித்தால் இதன் பேதைமை விளங்கும். மலைவழி நூலொன்று நூற்றிருபது ஆண்டுகளாக மாசுபடாமலிருந்ததென்றால், அது மலைக்குச் செல்லவேயில்லை என்பதன்றோ பொருள்? வாங்கியவன் வீட்டில் அலமாரியில் வைத்து மறந்துவிட்டான். அத்தகைய பிரதி அச்சுக்கூடத்தைப் பற்றி நமக்குச் சொல்லும். மலையைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் யாதொன்றும் சொல்லாது.

இதை நாம் உணர்ந்தது காலங்கடந்த பின்னரே. பல ஆண்டுகளுக்கு முன் பாலின் மேற்கு ஆல்ப்ஸ் தொகுதியொன்றைத் தபால் மூலம் வரவழைத்தோம். முதுகு கிழிந்து, பக்கங்களின் ஓரமெங்கும் நுண்ணிய பென்சில் எழுத்து நிறைந்திருந்தது. நமக்கோ நூல் சுத்தமாயிருக்க வேண்டுமென்னும் ஆசை. மெல்லிய ரப்பர்த் துண்டொன்றை எடுத்து, மூன்று மாலைப்பொழுதுகள் செலவிட்டு, பக்கம் பக்கமாக அவ்வெழுத்துக்களை அழித்தோம். அழித்த கையோடு அந்நூலைப் புது அட்டையிலும் கட்டுவித்தோம். அழிக்கும்போது ஓரிரு வரிகள் கண்ணிற் பட்டன: ஒரு கணவாய்க்கு நூலாசிரியர் கூறிய நேரத்தின் அருகே, தான் நடந்த நேரத்தை எவனோ எழுதியிருந்தான், வேறோரிடத்தில் பனியிறங்கியதாற் பாதிவழியில் திரும்பியதாகவும், வழிகாட்டியின் குழந்தை நோயுற்றிருந்ததாகவும் எழுதியிருந்தான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. இன்ன ஆண்டு, இன்ன நாள், இன்ன கணவாயிற் பனி எவ்வாறிருந்தது என்பதற்கு அவன் எழுதிய சாட்சியம் உலகில் வேறெங்கும் இல்லாததாயிருந்திருக்கலாம். அதனை ஒரு நாழிகையில் தூளாக்கி ஊதித் தள்ளினோம். அச்சிட்ட நூலின் வேறு பிரதிகள் எத்தனையோ உள. நாம் அழித்ததற்குப் பிரதி இல்லை.

மாசுபட்ட நூலை இகழ்வது போன்றதே பழம்பதிப்பை இகழ்வதும். நூல்நிலையத்தார், கடைசிப் பதிப்பு ஒன்றிருந்தாற் போதும் என்பர். ஜோன்ஸின் நூலை எடுத்துக்கொள்வோம். பாறையேற்றங்களை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை, மிகமிகக் கடினமானவை என்று வகுத்துக்காட்டி, துள்ளும் நடையில் 1897இல் அவர் எழுதினார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், டென்ட் பிளான்ஷ் சிகரத்தில் வழிகாட்டிகள் மூவரோடு வீழ்ந்து அவர் இறந்தார். 1900இல் வந்த இரண்டாம் பதிப்பு அவருடைய வாழ்க்கைக் குறிப்போடு வெளிவந்தது. இரண்டிலும் பாறைகள் அவையே. வழிகளும் பெரும்பாலும் அவையே. ஆயினும் முதற்பதிப்பைக் கையிலேந்திய இளைஞன் படித்த நூலும், இரண்டாம் பதிப்பை ஏந்தியவன் படித்த நூலும் ஒன்றல்ல. ஆசிரியர் உயிரோடிருந்து அழைப்பதற்கும், இறந்த பின் அவர் குரல் மாத்திரம் அழைப்பதற்கும் வேற்றுமையில்லையோ? இரண்டில் ஒன்றை எறிவோன் இவ்வேற்றுமையை எறிகின்றான்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அம்மலைகளே இன்று அந்நூல்களிற் கண்டபடி இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், கிரிண்டெல்வால்டின் கீழ்ப் பனியாறு ஊருக்கு அணித்தாகப் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கியிருந்தது. அங்கே பனிக்கட்டியை வெட்டி விற்பனைக்கு அனுப்பினர். இன்று அது மலையிடுக்கினுள் நெடுந்தொலைவு பின்வாங்கிவிட்டது. ஷாமோனிக்கு மேலுள்ள மோன்டன்வேரில் விடுதியிலிருந்து சற்றே இறங்கிப் பனியாற்றில் அடிவைத்தனர் முன்னையோர். இன்று அவ்விடத்திற் பனியின் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய்விட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஸ்விட்ஸர்லாந்துப் பனியாறுகள் தம் கொள்ளளவிற் பத்தில் ஒரு பங்கை இழந்தன என்று அந்நாட்டு அறிஞர் அளந்து கூறியுள்ளனர். பனியாற்று வரலாற்றை ஆராய்வோர் பழைய ஓவியங்களையும் பயண நூல்களையும் சான்றாகக் கொள்கின்றனர். இன்ன விடுதியினின்று இத்தனை நிமிஷத்திற் பனியை அடையலாம் என்று ஒரு பதிப்பும், சில ஆண்டுகள் கழித்து இன்னும் சிறிது கூடுதலான நேரம் ஆகுமென்று மறுபதிப்பும் கூறுமாயின், அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள நிமிஷங்களே சரித்திரம். கடைசிப் பதிப்பை மாத்திரம் வைத்திருப்போனுக்கு அச்சரித்திரம் கிட்டாது. பழம் பஞ்சாங்கத்தைப் பற்றி வினவிய நண்பருக்கும் இதனையே கூறினோம்: மழை பெய்யுமென்று பஞ்சாங்கம் சொன்னதை நாம் தேடவில்லை, மழை பெய்ததா என்று எவனோ ஓரத்தில் எழுதி வைத்ததைத் தேடுகின்றோம். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டாரென்று சொல்லமாட்டோம்.

நிலப்படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நூல்களில் மடித்து ஒட்டப்பட்ட நிலப்படங்கள் மிக அழகியவை. அவற்றைக் கத்தியால் அறுத்தெடுத்து, கண்ணாடிச் சட்டத்திலிட்டு விற்பதை ஒரு தொழிலாகவே சிலர் கொண்டுள்ளனர். படம் நீங்கிய நூல் பின்னர் மலிவாகத் தள்ளப்படும். பழம்புத்தக வியாபாரி ஒருவர் இத்தகைய நூலொன்றை நமக்கு அனுப்பி, "படம் மட்டும் இல்லை, மற்றெல்லாம் குறைவற உள்ளது" என்று கடிதம் எழுதினார். கண் மட்டும் இல்லை, மற்றெல்லாம் குறைவற உள்ளது என்று பெண் பேச வந்த தரகரை நினைத்துக்கொண்டோம். சட்டமிட்ட படத்தைச் சுவரில் தொங்கவிடுவோர் அதனை விரும்பியே வாங்குகின்றனர் என்பது மெய். அவர்மீது நமக்குச் சினமில்லை. ஆனால் சேர்ப்போர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் அப்படங்களை வாங்குவது தம் வீட்டு உத்திரத்தைத் தாமே அரிவதாகும்.

"இவையெல்லாம் இன்று மின்படிகளாக எடுக்கப்பட்டு எவரும் இலவசமாய்ப் படிக்கக் கிடைக்கின்றனவே" என்று மாணவர் சிலர் கூறுவர். மெய்யே, அதனால் நாமும் பயனடைந்துள்ளோம். ஆனால் அத்தகைய படிகளிற் பலவற்றில் நிலப்படத்தை விரிக்காமலே மடிந்தபடியே படமெடுத்திருப்பதைக் காணலாம். படத்தின் முதுகைத்தான் நாம் காண்கின்றோம். மேலும், படியெடுப்பது ஏதோ ஒரு நூல்நிலையத்தின் ஒரு பிரதியை. மற்ற பிரதிகளின் ஓரங்களில் எழுதப்பட்டவை அதில் எங்ஙனம் வரும்?

வேறொரு குறையும் இந்நூல்கள் அனைத்திற்கும் பொது. அவற்றை எழுதியோர் கனவான்கள். வழியைக் கண்டறிந்து, பனியிற் படி வெட்டி, அக்கனவான்களைக் கயிற்றிற் பிணைத்துச் சென்றோர் மலையூர் ஏழைகள். நூல்களில் இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த இடம் கூலி விகிதப் பட்டியலே. ஆகையால் சேர்ப்போர் தவறாது தேடவேண்டிய நூல் ஒன்றுண்டு. வழிகாட்டி ஒவ்வொருவனும் தன்னை அமர்த்தியோரிடம் நற்சான்று எழுதி வாங்கும் ஏடொன்றை வைத்திருப்பது அக்கால வழக்கம். கிரிண்டெல்வால்டின் கிறிஸ்தியன் ஆல்மருடைய ஏடு, 1856 முதல் 1894 வரை பலர் கைப்பட எழுதியது, எழுதிய வடிவிலேயே அச்சாகி 1896இல் லண்டனில் வெளியிடப்பட்டது. அவ்வாண்டே தம் திருமணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஆல்மர் கொண்டாடியது எங்ஙனமெனின், எழுபது வயதில் தம் மனைவியையும் உடனழைத்துக்கொண்டு வெட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறியே! அவ்வேட்டில் எழுதியுள்ளவை அனைத்தும் கனவான்கள் சொற்களே. ஆயினும் ஏடு அவருடையது. சட்டைப்பையில் அதனைச் சுமந்து திரிந்தவர் அவர்.

பொருள் மிகுந்தோர்க்கே இம்முயற்சி என்று மாணவர் பின்வாங்க வேண்டுவதில்லை. முதற்பதிப்புகள் விலையுயர்ந்தவையே. ஆனால் பாலின் நூல் முழுத்தொகுதிகளாகவன்றிச் சிறுசிறு பகுதிகளாகவும் பிரித்து விற்கப்பட்டது. அத்தனிப்பகுதிகள் சில வேளைகளில் மலிவாகக் கிடைக்கும். விம்பரின் பிற்பட்ட ஆண்டுப் பதிப்புகளும் அங்ஙனமே. கறைபட்டதையும் கிறுக்கியதையும் பிறர் வேண்டாமென்று தள்ளுவதால், அதனையே வேண்டுவோர்க்கு அது பெரிய நன்மை. வாங்கியபின் செய்ய வேண்டியதும் சிறிதே: இராமபாணப் பூச்சி அணுகாதபடி ஈரமற்ற இடத்தில் வைத்து, மாதமொருமுறை விரித்துக் காற்றாட விடுதல், நிலப்படம் மடிப்பிற் கிழிந்திருந்தால் கடையில் விற்கும் ஒட்டுநாடாவைத் தொடாமல், மெல்லிய காகிதமும் மாப்பசையும் கொண்டு பின்புறம் ஒட்டுதல், புது அட்டை கட்டும் ஆசையை அடக்குதல்.

நம்மிடமுள்ள சில நூல்களை நம் கல்லூரி நூல்நிலையத்துக்கு அளிக்க எண்ணியுள்ளோம். அவற்றுள் நாம் அழித்த அந்தப் பாலின் தொகுதியும் ஒன்று. சென்ற மாதம் அதனைச் சாளரத்தருகே சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, பென்சில் அழுந்திய தடம் சில பக்கங்களில் இன்னும் பள்ளமாக இருப்பது தெரிந்தது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் அரைமணி நேரத்தில் மாத்திரம் அது புலப்படுகின்றது. இதுகாறும் பதினேழு சொற்களைப் படித்துத் தனித்தாளில் எழுதி நூலினுள் வைத்துள்ளோம். எஞ்சியவற்றைப் படிக்கக் கூரிய கண்ணுடைய மாணவர் எவரேனும் முன்வருவாராயின், வெயில் தெளிந்த மாலைகளில் வரலாம்.